மகளுக்குக் கழித்த முப்பது

என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்தார். குற்றாலச் சீசன் பந்தோபஸ்தில் நின்ற நாளில் செத்துப்போனார். ஐந்தருவிப் பக்கம் சாரலில் நனைந்தபடி வண்டிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தவர், 'கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்' என்று ஓரமாகப் போயிருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. நான் செய்த அயோக்கியத்தனம் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணியில் இருக்கும்போது இறந்தவரின் வாரிசு ஒருவருக்கு அரசு வேலை உண்டு. ஒருவருக்குத்தான். எங்கள் வீட்டில் அதைக் கேட்க இரண்டு பேர் இருந்தோம், மூத்தவள் நானும் என் தம்பியும்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு, தென்காசியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஜூனிலும் 'இந்த வருஷம் இருக்கலாம்' என்று அவர்கள் சொன்னால்தான் இருக்கலாம். தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போய், அவர்கள் ஆள் குறைத்தபோது குறைந்து, மேலகரம் வீட்டுக்கே திரும்பி வந்தவன். வந்ததிலிருந்து கம்ப்யூட்டரில் ராஜா விளையாட்டு.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பழைய ராஜாக்களை வைத்துச் செய்தது. நாம் ஒரு ராஜா. கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, கடைசியில் செத்துப்போக வேண்டும். செத்ததும் வாரிசாக ஆட்டம் தொடரும். வாரிசு இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. இப்படி ஒருவர் செய்த விளையாட்டின்மேல் நம் ஊரையும் நம் ஆட்களையும் ஏற்றிவிடலாம், அதை மாட் என்கிறார்கள். தம்பி பாண்டிய நாட்டை ஏற்ற ஆரம்பித்தான். ஏற்றுகிற வித்தை அவனுக்குத் தெரியும். எதை ஏற்றுவது என்று தெரியாது. முதல் வாரமே ஒரு பாண்டிய ராஜாவுக்கு 'டியூக்' என்று பட்டம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, எந்திரிலே என்று அவனைக் கிளப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து பட்டங்களும் வாரிசுச் சட்டங்களும் என் இலாகா. ஒரு பாண்டியன் மாறவர்மன் என்றால் அடுத்தவன் சடையவர்மன், அடுத்தவன் மறுபடியும் மாறவர்மன். இது தானாக மாறும்படி செய்யவைத்தேன். அரையன், நாடாள்வான், பல்லவராயன், காலிங்கராயன் என்று யாருக்கு எதைக் கொடுக்கலாம், எதைப் பிடுங்கினால் கலகம் வரும் என்று பட்டியல் போட்டேன். செங்கோட்டையைத் தாண்டிவிட்டால் சட்டமே வேறு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ராஜாவின் மகனுக்கு ஒன்றும் இல்லை, தங்கச்சி மகனுக்குத்தான் பட்டம். 'நம்ம வீடு ஒரு முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கலாம்லா' என்று தம்பி சிரிப்பான்.

மகள் பட்டத்துக்கு வரலாமா என்பது மட்டும் இழுபறியாக இருந்தது. அவன் வரலாம் என்றான். மதுரையில் ஆண்டதே ஒரு பெண்தானே என்பது அவன் கட்சி. கதை வேறு, கல்வெட்டு வேறு என்று நான்தான் அவனை அடக்கினேன். ராஜா செத்ததும் ஐந்து அரையர்கள் கூடி வாரிசைத் தேர்ந்தெடுப்பார்கள். வயது, வீரம், படிப்பு, நாட்டார் மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மகளாக இருந்தால் மொத்தத்தில் முப்பது கழியும். அந்த முப்பதைப் போட்டவள் நான். வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறேன் என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அப்பா போன பதினாறாம் நாள் வீட்டில் உருமா கட்டு நடந்தது. காரியம் முடிந்ததும் தாய்மாமன் புதுத் துண்டை எடுத்து மகனின் தலையில் தலைப்பாகையாகக் கட்டுவார். இனிமேல் இந்த வீட்டுக்கு இவன்தான் என்று அதற்கு அர்த்தம். பண்பொழியிலிருந்து வந்திருந்த மாமா கட்டிவிட்டார். தலைப்பாகை பெரிதாகி தம்பியின் கண்வரைக்கும் இறங்கியது. அழுது வீங்கிய முகத்தோடு துண்டுக்கடியிலிருந்து என்னைப் பார்த்தான். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அதையும் விளையாட்டில் சேர்த்தோம். மாமன் தலைப்பாகை கட்டாதவரை யாரும் ராஜா இல்லை.

வேலையைப் பற்றி முதல் ஒரு வருஷம் யாரும் பேசவில்லை. பேசவில்லை என்றால், அம்மாவும் மாமாவும் அது தம்பிக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள், அதனால் பேசவில்லை. தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கியவள் நான். மனுவைப் படித்துப் பார்த்தவளும் நான். இறந்தவரின் கல்யாணமாகாத மகளும் கேட்கலாம் என்பதும், ஒருவர் கேட்டால் மற்ற வாரிசுகள் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இறந்த மூன்று வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, 'அந்த வேலைய நான் கேக்கலாம்னு இருக்கேன்' என்று சொன்னேன்.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. 'நீ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போவுதவ. உங்கப்பா உத்தியோகத்த அவன் வீட்டுக்குக் கொண்டுட்டுப் போவியோ?'

'எந்த வீடும்மா? பத்து வருஷமா வராத வீடா?'

'ஏட்டி, அவன் ஆம்பளப் புள்ள. வேல இல்லாட்டி அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?'

எனக்கு எவன் கொடுப்பான் என்று அவள் கேட்கவில்லை. தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரசத்தை எடுத்து வாசலில் கொட்டியிருப்பேன்.

அப்புறம் ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை வீடு என்று சொல்ல முடியாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவனும் போடவில்லை. மாமா பண்பொழியிலிருந்து பஸ் ஏறி வந்து, 'தாயி, கொஞ்சம் விட்டுக்குடு' என்று கெஞ்சினார். அடுத்த தடவை வந்து கத்தினார். தெருவில் ஒரு அண்ணாச்சி என்னை நிறுத்தி, 'உங்க வீட்டுல இப்ப மதுரையா சிதம்பரமா?' என்று கேட்டுச் சிரித்தார். அதே வருஷம் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் என்னைக் கூப்பிடவில்லை. முப்பத்தேழு வயது, வேலை இல்லை, கல்யாணம் இல்லை, வீட்டில் பேச ஆள் இல்லை. பல் தேய்க்கும்போதே அழுகை வரும். குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அந்த வேலை கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். சும்மா சொல்லவில்லை.

அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இதை நான் இப்போது எழுதுகிறேன். அப்போது நினைக்கவில்லை.

கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது அம்மா ஒரு வழி சொன்னாள். திருமலை முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு எடுத்தால் யாருக்கு என்று அவரே சொல்லிவிடுவார்.

'அவரே பழம் கிடைக்கலைன்னு அண்ணங்கூடக் கோவிச்சுக்கிட்டு மலை ஏறுனவரு. அவருகிட்டயா போய்க் கேக்கச் சொல்லுத?' என்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தம்பி சிரித்துவிட்டான். ஒன்றரை வருஷத்தில் அவன் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றான்.

'அக்கா, பூவெல்லாம் வேண்டாம். நாம செஞ்சதுலயே விட்டுப் பாப்போமா?'

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். விளையாட்டில் ஒரு பாண்டிய ராஜா. மூத்தது மகள், இளையது மகன். இருவருக்கும் ஒரே குணம், ஒரே வீரம். நாங்கள் யாரும் விளையாடாமல் ஆட்டத்தைத் தானாக ஓட விடுவது. ராஜா செத்ததும் அரையர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அவருக்கு மற்றவர் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

'மகளுக்கு முப்பது கழியுமே' என்றேன்.

'கழியும். ஆனா மூத்தவளுக்குக் கூடும், படிப்புக்குக் கூடும். நான் எண்ணிப் பாத்துட்டேன், ரெண்டும் சமமா வருது. மிச்சம் அந்த அரையனுங்க புத்தி. நீ எழுதுன சட்டம்தான, நான் கை வைக்க மாட்டேன்.'

உலகத்தில் வேறு எந்த அக்காவும் தம்பியும் இப்படி ஒரு காரியத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்கு வேறு யார்மேலும் நம்பிக்கை இல்லை. அம்மா அவன் பக்கம், மாமா அவன் பக்கம், நான் சொல்வதை அவன் நம்ப மாட்டான், அவன் சொல்வதை நான் நம்ப மாட்டேன். நாங்கள் சேர்ந்து செய்தது ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று முடிவானது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போனான். அம்மா மேலவீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சும்மா பார்க்கத்தான் திறந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். சட்டக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வரி என்று எனக்குத் தெரியும். மகளாயின் கழிக்க: 30. அதில் இருந்த சுழியத்தை அழித்தேன். மூன்று. ஒரு விசையை ஒரு தடவை தட்டினால் போதும். சேமித்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 'இந்த முப்பதை எடுத்துரலாமாலே' என்று நான் கேட்டிருந்தால் அவன் எடுத்திருப்பான். முதலிலேயே அது வேண்டாம் என்று சொன்னவன் அவன். ஆனால் கேட்பது என்றால் பிச்சை கேட்பதுபோல் இருந்தது எனக்கு. திருடுவது அப்படி இல்லை.

ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். அவன் ஓடவிட்டான். திரையில் வருஷங்கள் கடகடவென்று போயின. நடுவில் ஒரு மழை பொய்த்த வருஷம், மலைக்கு அந்தப் பக்கத்தவர்களோடு ஒரு சண்டை. மகனுக்குப் போரில் ஒரு காயம், அதனால் நாட்டார் மதிப்புக் கூடியது. 'ஏ, பாத்தியா' என்று அவன் கை தட்டினான். அவன் முகம் சின்ன வயதில் கேரம் ஆடும்போது இருந்த மாதிரி இருந்தது. ராஜா செத்தார். ஐந்து அரையர்களும் கூடினார்கள். நான்கு பேர் மகளுக்கு, ஒருத்தன் மகனுக்கு. மாமன் வந்து மகளின் தலையில் உருமா கட்டினான்.

தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். அந்த நேரத்தில் அவன் சட்டக் கோப்பைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். திறந்துவிடுவான் என்று பயந்தேன். திறந்துவிட மாட்டானா என்றும் இருந்தது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

'சரிக்கா. சொன்னா சொன்னதுதான்.'

அடுத்த நாளே தென்காசிக்குப் போய் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டான். அம்மாவின் கையெழுத்தையும் அவன்தான் வாங்கித் தந்தான். அவள் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. விஷயம் கேள்விப்பட்டு மாமா வந்து, 'பொட்டச்சிக்குப் பயந்துட்டியாலே' என்று அவனை ஏசினார். அவன் குரலை உயர்த்தவே இல்லை. 'மாமா, உருமா எனக்குத்தான கட்டுனிய? அப்ப நான் சொல்லுததக் கேளுங்க. வேல அக்காவுக்கு.' நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது வெளியே வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை.

உத்தரவு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இளநிலை உதவியாளர். மேசை, நாற்காலி, மேலே காற்றாடி. என்னை 'மேடம்' என்கிறார்கள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் முதல் நாள் வந்து, 'ஏட்டையா மகளா' என்று கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். சந்தோஷமாக இருந்தேனா என்றால், இருந்தேன். அதையும் மறைக்கப்போவதில்லை. காலையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதில்லை. அந்த அழுகை போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது கொஞ்ச நாள் கழித்துத்தான்.

தம்பி துபாய்க்குப் போய்விட்டான். கூடப் படித்த கடையநல்லூர்க்காரன் ஒருவன் மூலமாகக் கிடைத்த வேலை. பெரிய குடோனில் பெட்டிகளை ஸ்கேன் பண்ணி அடுக்க வேண்டும், ஒரு அறையில் ஆறு பேர். இன்ஜினியரிங் படித்தவன். வெள்ளிக்கிழமைகளில் பேசுவான். முழங்கால் வலிக்கிறது என்பான். அவனுக்கும் ஒரு வரன் வந்து, மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டுவிட்டு, திரும்ப வரவில்லை. அம்மா அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மாட் வேலையை மட்டும் அவன் விடவில்லை. லீவு நாளில் அறையில் படுத்துக்கொண்டே செய்து முடித்து வெளியிட்டான். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் இறக்கி விளையாடினார்கள்.

போன மாதம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அவன் குரல் செய்தி ஒன்று வந்தது.

'அக்கா, நம்ம மாட்ல ஏதோ தப்பு இருக்குக்கா. விளையாடுதவன் எல்லாம் திட்டுதான். எந்த ராஜா செத்தாலும், மூத்தது மகளா இருந்தா அவளுக்கே பட்டம் போவுதாம், மகன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும். நான் ரெண்டு வாரமாத் தேடுதேன், என் பக்கம் ஒண்ணும் இல்ல. உன் சட்ட ஃபைல அனுப்புதேன், கொஞ்சம் பாத்துச் சொல்லேன். என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது.'

அந்தச் செய்தியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. தெரிந்துகொண்டு கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா? 'என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது' என்னும்போது குரலில் ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. களைப்புத்தான் இருந்தது. பின்னால் யாரோ இந்தியில் பேசும் சத்தம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவனுக்கு எழுத ஆரம்பித்தேன். அன்றைக்கு நீ குளிக்கப் போயிருந்தபோது என்று எழுதினேன். அழித்தேன். உன் வேலையை நான் என்று எழுதினேன். அழித்தேன். சொன்னால் என்ன ஆகும்? அவனுக்கு வேலை வராது. அவன் கெடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அவனுக்கு அக்காவும் போய்விடுவாள். இப்படி ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அது நியாயம் இல்லை என்பதும் தெரியும். பயம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பைத் திறந்தேன். அதே வரி. மூன்றுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் செய்த களவு தெரியாமல் இருக்க வேண்டுமானால் இந்தச் சுழியத்தைத் திரும்பப் போட வேண்டும். போட்டால், அந்த நாட்டில் இனிப் பிறக்கிற மகள்கள் அத்தனை பேருக்கும் முப்பது கழியும். அம்மா அன்றைக்குக் கரண்டியோடு நின்றபடி எனக்குக் கழித்ததும் அதுதான். போட்டேன். 'எண் தவறிப் போயிருந்ததுடா, சரி பண்ணிட்டேன்' என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் புதிய பதிப்பு வந்தது. என்னென்ன மாறியிருக்கிறது என்று மேலே ஒரு குறிப்பு வைப்பார்கள். இந்தத் தடவை அதைத் தமிழிலும் எழுதியிருந்தான். 'மகன் இருக்கும்போது மகளுக்குப் பட்டம் போய்க்கொண்டிருந்த பிழை திருத்தப்பட்டது. இதைக் கண்டுபிடித்துத் தந்த என் அக்காவுக்கு நன்றி. அவள் பார்த்தால் தவறு நிற்காது.'

அம்மா என்னவென்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முதல் வரி புரியவில்லை, இரண்டாவது புரிந்தது.

'பாத்தியா, எங்கன போனாலும் அக்காவ விட்டுக்குடுக்க மாட்டான்' என்றாள்.

ஆமாம்மா என்றேன்.